நாலாம் நம்பரின் இத்தா

ஜூன் 3, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் கூட்டிய முற்றம், வந்து பார்க்க மறுபடி மணல். சோற்றில் மணல், மகளின் தலையில் மணல், இந்தக் கொப்பிக்குள்ளும் மணல்.

மகளுக்குக் கக்குவான் குறைகிறது, அல்ஹம்துலில்லாஹ். இருமல் தொடங்கிய நாளில் அவள் பக்கமாக இழுத்துப் போட்ட என் பாய் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருடைய சாறனில் எலி நாற்றம். இரண்டு தரம் சவுக்காரம் போட்டும் போகவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்து டாக்டர் கொழும்பிலிருந்து வெள்ளை எலிகள் கொண்டுவந்து டிஸ்பென்சரிக்குப் பின்னால் கொட்டில் போட்டார். அன்று முதல் மருந்து கலக்குகிற என் மனுசனுக்கு எலி மேய்க்கிற வேலையும் சேர்ந்தது. மருந்து சோதிக்கிறார்களாம். என்ன மருந்து என்று கேட்டால், "அது உனக்கு விளங்காது புள்ள." ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு விளங்காதாம்.

வீட்டில் கதைப்பதே எலிக் கதை. ஆனால் கதைக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு முன்னால் அந்த முகம் வெளிச்சமாகி எவ்வளவு காலம்?

பின்னேரம் பிரசர் மாத்திரை எடுத்து வைத்தேன். வாப்பாவைப் போல வயலில் விழுந்து வாய் கோணிக் கிடக்கக்கூடாது என்ற பயம் அவருக்கு. மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பள்ளியில தொழுதுட்டு வந்து குடிக்கிறன்" என்று போனார்.

கீரி மீன் ஆணம். உப்புக் கூடிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தின்றார். முன்பென்றால் கேலி செய்வார்.

ஜூன் 6, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இருமல் மருந்துக்கு மகளோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். முன்னறையில் ஒருவரும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல். "காசிம், அவளுக்கு இத்தா எப்ப முடியுது?"

இவர் குரல்: "வாற கிழமை வெள்ளி, டாக்டர்."

"முடிஞ்ச உடன சேர்த்துவிடுவம். இனியும் காக்க வைக்கேலாது. ஊருக்குள்ள கதை போகாமப் பாரும்."

"ஓம் டாக்டர். எல்லாம் ஆயத்தம்."

மருந்து வாங்காமலே திரும்பி வந்தேன். மகள் வழியெல்லாம் இருமினாள். இத்தா. புருசன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இருக்கிற இத்தா. அது முடிந்தால் அவளைச் சேர்த்துவிடப் போகிறார்களாம். என் மனுசனோடுதானே? வேறு யாரோடு? எல்லாம் ஆயத்தமாம்.

ஒரு இந்து டாக்டர் எங்கள் மார்க்கத்து நிக்காஹுக்குத் தரகராக வந்தது எப்படி என்று யோசிக்கக்கூட இப்போது புத்தி ஓடவில்லை.

ஜூன் 7, வெள்ளி

ராத்தாவிடம் சொன்னேன். அடுத்த வளவுதான் அவள் வீடு. என் மூத்தவள், ஊரின் எல்லா அடுப்புக்குள்ளும் கரண்டி விடுகிறவள்.

"இந்தப் பகுதியில இத்தா இரிக்கிறது ஒருத்திதான் கா. உன்ட மனுசன்ட மாமி மகள், சுபைதா" என்றாள். விரல் விட்டு எண்ணினாள். "இந்த மாசந்தான் முடியும். பிறைக் கணக்கில ஒரு கிழமை முன்னப் பின்ன வரும்."

சுபைதா. இனி சு. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

முறைப்பெண். இவருக்கென்று சிறுவயதிலேயே பேசிவைத்தவள். பிறகு வீடு கட்டிக் கொடுக்க அவள் வாப்பாவால் முடியவில்லை, என் வாப்பா கட்டினார், பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. அவளைத் தோணிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தவை:
– தலையிடி மருந்து கொடுக்க என்று இரண்டு முறை இவர் அவள் வேலிப்பக்கம் போனது.
– போன கிழமை இவர் வாங்கிய ஒரு பொட்டணம் சர்க்கரை. இங்கே வரவில்லை.
– புதுச் சீப்பு.
– பெருநாளுக்கு நான் ஊதாச் சீலை உடுத்து முன்னால் நின்றபோது, "மாத்திரை எங்க?" என்று கேட்டது.
– பாய்.

இந்த வீடு என்னுடையது. கலியாணத்தன்று அவர் ஒரு பெட்டியோடு வந்தார். இன்னொன்று முடித்தால் அதே பெட்டியோடு அங்கே போவார், இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே. ஊர் வழக்கம். சுவர் எனக்கு மிஞ்சும்.

ராத்தா சொல்கிறாள், எனக்குப் பொறாமையாம். ஓம். பொறாமைதான். வேறென்ன, புளிச்சேப்பமா?

ஜூன் 10, திங்கள்

சு.வைப் பார்க்கப் போனேன். இடியப்பம் கொண்டுபோனேன். பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போக முடியாதே.

உள்ளறைத் திரைக்குள் இருந்தாள். வெள்ளைச் சீலை. நகை இல்லை, மை இல்லை. மெலிந்து அசிங்கமாகியிருப்பாள் என்று துஆ கேட்டுக்கொண்டு போனேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். இன்னும் அழகாகியிருக்கிறாள். வெயில் படாத முகம் உரித்த நுங்குபோல இருக்கிறது.

"மச்சி, மகள்ட இருமல் எப்படி?" என்று கேட்டாள். பிறகு, "மச்சான் சுகமா இரிக்காரா? பிரசர் என்டு உம்மா சொன்னா."

யார் உன் உம்மாவுக்குச் சொன்னது என்று கேட்க வாய் துருதுருத்தது. "சுகமா இரிக்கார்" என்றேன். "எலியோட."

சிரித்தாள். "ஓம், எலிக் கதை கேள்விப்பட்ட நான்."

அவளிடமும் எலிக் கதை.

அவள் உம்மா, அதாவது இவருடைய மாமி, வாசல்வரை வந்தாள். இன்னும் ஒரு கிழமைக்கு மேலே இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை முடியாதா என்று கேட்டேன். "என்ன மகள், உங்களுக்கு அவசரம்?" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் மெல்ல எடுத்தேன். "வெள்ளிக்கிழமை என்ன விசேசம்?"

பிட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வெள்ளி டிஸ்பென்சரி பூட்டினாப் பிறகு வேலை இரிக்கி. பிந்தித்தான் வருவன்."

"என்ன வேலை?"

"சொன்னா நீ சிரிப்பாய்."

நான் சிரிக்கிறேனா இல்லையா என்று வெள்ளியன்று பார்ப்போம்.

ஜூன் 14, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இவர் வீட்டுக்கு வரவில்லை. அசர் தொழுதுவிட்டு மகளை ராத்தாவிடம் விட்டேன். முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தேன். காற்று முகத்தில் மணலை அடித்தது. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நிக்காஹ் நடக்கிற இடத்தில் பாய்ந்து சட்டையைப் பிடிப்பதாக ஒரு நினைப்பு.

டிஸ்பென்சரியின் முன்கதவு பூட்டு. பின்னால் கொட்டிலில் பேச்சுக் குரல். கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. யன்னலெல்லாம் கறுப்புத் துணி, ஒரு விளக்கு, அதற்குச் சிவப்புத் துணி. எலிக்கு ராத்திரியில்தான் ஆசை வருமாம், அதனால் பகலை ராத்திரியாக்கி வைத்திருக்கிறார்கள். இது பிறகு தெரிந்தது.

"நாலாம் நம்பர்ட இத்தா இன்டையோட முடிஞ்சி டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே, வாலைப் பிடித்து ஒரு வெள்ளை எலியைத் தூக்கினார் என் மனுசன்.

அப்படியே சாக்கு மூட்டைமேல் குந்திவிட்டேன்.

டாக்டர் திரும்பினார். "என்ன தங்கச்சி, பிள்ளைக்கு ஏலாதோ?"

"யாருக்கு இத்தா?" என்றேன்.

இவர் விளங்கப்படுத்தினார். ஒரு ஆணோடு விட்ட பெண்ணுக்குக் குட்டி உண்டா இல்லையா என்று தெரியாமல் அடுத்த ஆணோடு விட முடியாது, கணக்குக் குழம்பும். அதனால் கொஞ்ச நாள் தனிக் கூட்டில் வைப்பார்கள். "நான்தான் இத்தா என்டு பேர் வச்ச. டாக்டரும் இப்ப அப்படித்தான் சொல்லுற." அதில் ஒரு பெருமை வேறு.

நான் சிரித்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது. எதற்கு வந்தேன் என்று அவர்கள் கேட்க, "திறப்புக்கு" என்றேன். எந்தப் பூட்டின் திறப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை, புண்ணியம்.

போகச் சொல்லவில்லை, நின்று பார்த்தேன். இதை எழுதுவது பாவமோ தெரியாது. ஆனால் இந்தக் கொப்பியை யாரும் பார்ப்பதில்லை.

முதலாவது, மருந்து குடிக்காத ஆண். நாலாம் நம்பரை உள்ளே விட்டதும் பின்னாலேயே ஓட்டம். அவள் குதித்துக் குதித்து ஓடி நிற்பாள், காது படபடவென்று துடிக்கும், அது வந்து ஏறும். இரண்டு பேருக்கும் வெட்கமில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

பக்கத்துக் கூட்டில், பரீட்சைக்கு முழித்திருக்கப் பெடியன்கள் விழுங்குகிற மாத்திரை கொடுத்த ஆண். அதற்குப் பெண்ணும் வேண்டும், கூட்டுக் கம்பியும் வேண்டும், தன் வாலும் வேண்டும். ஒரு இடத்தில் நில்லாது.

மூன்றாவது கூடு. அதற்குள் இன்னொரு பெண்ணை விட்டார் இவர். ஆண் மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தது. கண்ணிமை பாதி மூடியபடி, பிரசங்கத்துக்கு நடுவில் தூங்கிவழிகிற ஆள் மாதிரி. அவள் போய் அதன் மூக்கை முகர்ந்தாள். சுற்றி வந்தாள். முன்னால் பாய்ந்து நின்று திரும்பிப் பார்த்தாள். காது துடித்தது. அது அசையவேயில்லை. அவள் மறுபடி போனாள். அதற்கு அவள் இருப்பதே தெரியவில்லை.

எனக்கு அந்தப் பெண்மேல் அப்படியொரு இரக்கம். ஊதாச் சீலை ஞாபகம் வந்தது.

"இதுக்கு என்ன குடுத்த?" என்று கேட்டேன்.

டாக்டர் சொன்னார்: "பிரசர் மாத்திரைதான், தங்கச்சி. சர்ப்பகந்தி வேரிலயிருந்து எடுக்கிறது. நாட்டு வைத்தியர்மார் பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் எப்பவோ குடுத்த வேர். பிரசர் இறங்குது, ஆளும் இறங்குது. மூளைக்குள்ள ஏதோ ஒரு சத்து வத்துது. எந்தச் சத்து எண்டுதான் வெளிநாட்டில இப்ப அடிபடுகினம். மாத்திரை குடிக்கிற ஆம்பிளையள் இதைச் சொல்ல வெக்கப்படுகினம். எலிக்கு வெக்கமில்லை. அதுதான் எலியைப் பாக்கிறன்."

இவரைப் பார்த்தேன். குனிந்து கூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் அவர் முன்னால், நான் பின்னால். எனக்கு உள்ளுக்குள் பெருநாள். சு. அல்ல. நானும் அல்ல. மாத்திரை.

ஜூன் 15, சனி

காலை முழுக்கப் பாட்டு வாயில். மகள்கூடக் கேட்டாள், "என்ன உம்மா?"

ராத்தா வந்து கெடுத்தாள். சு.வுக்கு இத்தா முடிந்ததும் மாப்பிள்ளை தேடுகிறார்களாம். "வீட்டுக்குக் காசில்லாத ஆள்கள். இரண்டாந்தாரம் என்டாலும் குடுப்பாங்க கா. முறை மாப்பிள்ளை பக்கத்தில இரிக்கக்குள்ள வெளிய தேடுவாங்களா?"

அவள் போன பிறகு அரிசி களைந்துகொண்டே யோசித்தேன். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்துவார். இவர் எனக்குத் திரும்பி வருவார். எனக்கு மட்டுமா திரும்புவார்? கண்ணிமை திறந்தால் எல்லாப் பக்கமும்தானே தெரியும். இப்போது என்றால் மூலைக்குள் குந்தியிருக்கிறார். உரித்த நுங்கு வந்து சுற்றினாலும் அசையமாட்டார். என்னைப் பார்க்கவில்லை, சரி. ஒருத்தியையும் பார்க்கமாட்டார்.

எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்காது. வைக்கோல் போரில் நாய் என்பார்களே, அது நான்தான். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். அழிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

மகளைக் கடைசி முறையாக டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சு சுத்தமாம். இருமல் போய்விட்டது. இனி பாயை அங்கே போட்டுவைக்கச் சாட்டு இல்லை.

இவர் கொட்டிலில். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "காசிமின்ர பிரசர் இறங்கேல்லை. ஏறித்தான் கிடக்குது. மாத்திரை குடிக்கிற ஆளுக்கு இப்பிடி இருக்கக்கூடாது. தகப்பனுக்கு வந்தது தெரியும்தானே. இரண்டு மாத்திரையாக் கூட்டத்தான் வேணும். அதுக்கு முதல் உங்களிட்டை ஒரு கேள்வி. குறை நினைக்கக்கூடாது."

மகளை முன்னறைக்கு அனுப்பினேன்.

"வீட்டில ஆளில ஏதும் வித்தியாசம் தெரியுதோ? இருந்தாச் சொல்லுங்கோ. கூட்டாமல் விட்டு வேற மருந்து எடுப்பிப்பன். கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். அவனிட்டைக் கேட்டன், மேசையைப் பாத்துக்கொண்டு ஒண்டுமில்லை எண்டுறான்."

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஓம் டாக்டர், வித்தியாசம் இரிக்கி. நாலே சொல். அந்த நேரம் பார்த்துக் கொட்டில் பக்கமிருந்து இவர் சிரிக்கிற சத்தம். எலியோடு ஏதோ கதைக்கிறார். எனக்குத் தராத சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சு. திரையை விட்டு வெளியே வருகிறாள் என்பதும் அதே நேரம் ஞாபகம் வந்தது.

"ஒரு வித்தியாசமும் இல்ல டாக்டர்" என்றேன். "முந்தி மாதிரித்தான் இரிக்கார். கூட்டியே குடுங்க."

டாக்டரின் முகத்தில் நிம்மதி. நல்ல மனுசன்.

பொய் சொன்ன வாய் கசக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

ஜூன் 22, சனி

காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. புழுக்கம்.

மஃரிபு முடிந்து வந்தார். கையில் புதுப் போத்தல். விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார். இப்படி வந்து குந்தியே எவ்வளவு நாள்.

"புள்ள, ஒரு விசயம் சொல்லணும். ஏசப்படாது."

சு. என்று நினைத்தேன்.

"நான் இந்த மாத்திரையக் குடிக்கவேயில்ல."

"என்ன?"

"எலிக்குக் குடுக்கிற பிரசர் மருந்துத் தூள் கொழும்பிலருந்து வாறது நின்டுட்டு. டாக்டருக்குத் தெரிஞ்சா வேலையே நின்டுரும். அவர் எழுதப்போற கட்டுரையில என்ட பேரும் போடுறன் என்டு சொன்ன மனுசன். நீ எடுத்து வைக்கிறத எல்லாம் சர்க்கரையோட அரைச்சி எலிக்குத்தான் குடுத்த நான். பெருநாளிலருந்து ஒன்டும் என்ட வயித்துக்குள்ள போகல்ல."

விளக்குத் திரியைத் தூண்டினேன். அது நன்றாகத்தான் எரிந்தது. ஆனாலும் தூண்டினேன்.

அப்படியென்றால் இவர் மூலைக்குள் குந்தியிருந்தது மாத்திரையால் அல்ல. பிறகு எதனால்? கேட்டேவிட்டேன். எங்கிருந்து துணிவு வந்ததோ. "அப்ப ஏன் என்னைத் திரும்பியும் பார்க்கல்ல?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"நானா? நீதானே பாயத் தூக்கிட்டு அங்கால போன. மகளுக்கு இருமல் என்டு நினைச்ச நான். பிறகு பார்த்தா, நான் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற. பெருநாளைக்கு அந்த ஊதாச் சீலைய உடுத்து வந்து நின்ட. எனக்கு வாய் ஓடல்ல. மாத்திரை எங்க என்டு என்னமோ கேட்ட நான். நீ முறைச்சிட்டுப் போயிட்ட." குரலைத் தாழ்த்தினார். "என்ன கோவம் என்டு கேக்கவும் பயம். மகளுக்குச் சுகம்தானே இப்ப. பாய இஞ்சால போடன்."

கண் கலங்கிவிட்டது. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதைக் கேட்கத்தானே இந்தக் கொப்பி முழுக்க அழுதேன்.

அவர் போத்தலைத் திறந்தார். "நேத்து டாக்டர் அளந்து பார்த்துட்டு வாப்பாட கதையச் சொன்னார். பயந்துட்டன். கொழும்புத் தூளும் வந்துட்டு. இனி எலிட பங்கு எலிக்கு, என்ட பங்கு எனக்கு. ரெண்டு ரெண்டாக் குடிக்கணுமாம். நீதான் கூட்டிக் குடுக்கச் சொன்னதாம். நல்லது செய்த புள்ள."

உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. வெள்ளை. சின்னது.

டாக்டரிடம் பொய் சொன்னேன், குடிக்காதீர்கள், வேறு மருந்து இருக்கிறதாம், திங்கட்கிழமை நானே போய்ச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், சும்மா, கதையோடு கதையாக:

"நாளைக்குச் சுபைதாட இத்தா முடியுதாம். மாமி பகல் சாப்பாட்டுக்கு வரச்சொன்னா. நம்ம ரெண்டு பேரையும்தான். போவமா?"

"ஓம்" என்றேன். "போவம்."

குசினிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பிஸ்மி சொல்லி இரண்டையும் ஒன்றாக விழுங்கினார்.

பிறகு பாயை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.